கறுப்புச் சதுரம்

யாகூப் தன் போனின் முதுகில் ஒட்டியிருந்த ‘திறந்த போன்’ என்ற எழுத்துகளை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். பாதி போய்விட்டது. மீதி வர மறுத்தது.

பரிமளா பட்டறைக்குள் வந்தாள். அவளிடம்தான் அவர் போன் செய்யும் தொழில் கற்றுக்கொள்கிறார். வயதில் இளையவள்தான், ஆனாலும் அவருக்கு அவள் டீச்சர். அவளுக்கு அவர் பாய்.

“என்ன பாய், பேரை அழிக்கிறீங்க?”

“பொய்யை அழிக்கிறேன், டீச்சர்.”

யார் வேண்டுமானாலும் பிரிக்கலாம், படிக்கலாம், திருத்தலாம் என்று அவர் செய்த போன் அது. அதன் சுற்று வரைபடத்தை ஊருக்கே விரித்து வைத்திருந்தார். அதில் ஒரு மூலையில் மட்டும் கறுப்புச் சதுரம். டவரோடு பேசுகிற சிப். உள்ளே என்ன ஓடுகிறது என்று செய்த கம்பெனி சொல்லாது. காலையில் வந்த ஒருவன் அதைக் காட்டி, “எல்லா அறையும் திறந்திருக்கு, வாசல் மட்டும் பூட்டா?” என்று சிரித்துவிட்டுப் போயிருந்தான்.

“உடைச்சுத் திறந்துடலாமே,” என்றாள் பரிமளா.

“சட்டம் விடாது. அலைவரிசை எல்லாருக்கும் பொது. ஆளாளுக்குக் கை வச்சா, ஆம்புலன்ஸ் கூப்பிடுறவனுக்கு லைன் கிடைக்காது. அதுவும் நியாயமாத்தான் படுது. அதுதான் வயித்தெரிச்சல்.”

“வேற சிப்?”

“எல்லாமே இதே கதைதான். மூட்டை கட்டிடலாம்னு இருக்கேன், டீச்சர்.”

அவள் போனைப் பிரித்து, போர்டை வெளிச்சத்தில் பிடித்தாள்.

“சிப்பை அழகா பத்தவச்சிருக்கு. யாரு?”

“நான்தான்.” குரலில் கொஞ்சம் உயிர் வந்தது. “இடி விழுந்தாலும் அசையாது.”

“கழட்டணும்னா?”

“போர்டே போயிடும்.”

“இப்படி அசையாம வைக்கணும்னு சட்டம் சொல்லிச்சா?”

“சட்டம் அதைப் பத்தி ஒண்ணும் சொல்லல.”

“கம்பெனி சொல்லிச்சா?”

“இல்ல.”

பரிமளா இழுப்பறையைத் துழாவி, சிப்பைச் சொருகிக் கழட்டுகிற ஒரு சாக்கெட்டையும் சின்னத் திருகாணி ஒன்றையும் எடுத்தாள். புது போர்டு ஒன்றின் மேல் வைத்து அவர் பக்கம் தள்ளினாள்.

யாகூப் சாக்கெட்டை எடுத்துப் புரட்டினார்.

“இதுலயும் அதே சிப்பைத்தானே சொருகப் போறோம்? பூட்டு பூட்டாத்தானே இருக்கும்?”

“இருக்கும்.”

“அப்புறம் எதுக்கு?”

பரிமளா சால்டரிங் அயனைச் சூடாகப் போட்டாள்.

“எங்கேயோ ஒருத்தி திறந்த சிப்புக்காக மண்டையை உடைச்சுக்கிட்டு இருப்பா, பாய். ஒரு நாள் முடிச்சு எடுத்துக்கிட்டு வருவா. அன்னிக்கு அது உட்கார இடம் வேணாமா?”