ஓர் உழக்கு அதிகம்

மடத்துச் சமையலறை மாசிலாமணியின் பொறுப்பு. குரு அம்பலவாண அடிகளைவிட அவர் ஒன்பது வயது மூத்தவர். ஆனாலும் தீட்சை வாங்கிய நாளிலிருந்து அடிகள் முன் அவர் உட்கார்ந்ததில்லை.

தினமும் ஆறு படி அரிசி அளப்பார். பிறகு, நேரம் தவறி வருகிறவர்களுக்கென்று ஓர் உழக்கு மேலே போடுவார். பெரும்பாலும் யாரும் வருவதில்லை. மடத்துச் சோறு மண்ணில் விழக்கூடாது என்பது அவர் எடுத்துக்கொண்ட விரதம். கடைசிப் பந்தி எழுந்ததும் மிஞ்சியதை அவரே சாப்பிட்டு முடிப்பார். பதினோரு வருடமாக இப்படி. பசித்ததா என்று ஒருநாளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

அன்று காலை, உலை வைக்கும் நேரத்தில், ஸ்கேன் காகிதத்தோடு அடிகள் முன் வந்து நின்றார்.

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

"ஈரல் பூராவும் கொழுப்பாம் சாமி. குடிப்பீங்களான்னு நாலு தடவை கேட்டாங்க. நெத்தி நிறைய திருநீறு பூசியிருந்தேன், அப்பவும் நம்பல."

அடிகள் சிரித்தார். மாசிலாமணி சிரிக்கவில்லை.

"ஈரலோட ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் சின்னச் சின்ன அடுப்பு இருக்காம். மைட்டோகாண்ட்ரியான்னு பேராம். கொழுப்பு வந்து குவியக் குவிய அதால எரிச்சு முடிக்க முடியலயாம். சிதறுற பொறி அந்த அடுப்பையே சுட்டுடுதாம். இப்படியே போனா ஈரல் தழும்பாகிடும், அப்புறம் மீட்க முடியாதுன்னாங்க." அவர் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகினார். "மதுவைத் தொட்டதில்ல, மாமிசம் தொட்டதில்ல. அன்னத்தை வீணாக்காம இருந்தேன். அதுவா தப்பு, சாமி?"

அடிகள் எழுந்து சமையலறைக்குப் போனார். கோட்டை அடுப்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தது.

"விறகு வைங்க."

மாசிலாமணி ஒரு கட்டை வைத்தார்.

"இன்னும்."

வைத்தார்.

"இன்னும்."

"வாய் அடைஞ்சிடும் சாமி."

"விறகு வீணாகக்கூடாது இல்லையா? வைங்க."

அடுப்பின் வாய் நிறைந்தது. தீ தாழ்ந்தது. கரும்புகை கிளம்பிக் கூரையில் முட்டியது. உலையின் கொதி அடங்கியது. வெளியே பிதுங்கிய கட்டையிலிருந்து ஒரு தணல் உடைந்து விழுந்து, நேற்று மெழுகிய அடுப்பு விளிம்பைக் கருக்கியது.

இருவரும் இருமினார்கள்.

மாசிலாமணி பொறுக்கமாட்டாமல் மூன்று கட்டைகளை உருவித் தண்ணீர் தெளித்து அணைத்தார். சற்று நேரத்தில் தீ மூச்சு வாங்கி எழுந்தது.

"பந்தி முடிஞ்சு நீங்க தனியா உட்கார்ந்து சாப்பிடுறதைத் தினமும் பார்த்தேன்," என்றார் அடிகள். "எப்பேர்ப்பட்ட சீடன்னு பெருமையா இருந்துச்சு. ஒரு நாளாவது தடுத்திருக்கணும். தடுக்கல."

மாசிலாமணி அணைத்த கட்டைகளைச் சுவரோரம் அடுக்கினார்.

அடிகள் முறத்தில் அளந்து வைத்திருந்த அரிசியிலிருந்து ஓர் உழக்கை அள்ளித் திரும்பக் குதிரில் கொட்டினார்.

மாசிலாமணி பதறினார். "சாமி! நேரந்தப்பி மூணு பேர் பசியோட வந்துட்டா?"

"வந்தா, மறுபடி உலை வைப்போம். அதுக்கு அடுப்பு இருக்கணும்."