ஐந்து நாட்டு மணி

"இனிமேல் கூட்டுக் காவல் என்று ஒன்று உண்டா, தாயே?"

சேனாபதி கொற்றன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. குகை வாசலில் நின்றபடியே கேட்டார்.

"உட்காருங்கள்," என்றாள் துறவி சாந்தை. வயதில் அவருக்கு மகளாகலாம். ஆனாலும் மழைக்காலந்தோறும் அவளிடம் பாடம் கேட்க வருவார்.

"உட்கார வரவில்லை. நாளை விடிந்ததும் நான்கு நாடுகள்மீதும் படை நடத்துகிறேன். சொல்லிவிட்டுப் போக வந்தேன்."

"சொல்ல வந்தவர் ஏன் கேட்கிறீர்கள்?"

அவர் மலை உச்சியைத் திரும்பிப் பார்த்தார்.

அந்தப் பெருநிலத்தை ஐந்து நாடுகள் பங்கு போட்டிருந்தன. ஒன்றுக்கொன்று ஆகாது. ஆனால் வடக்குக் கணவாய் வழியாகக் கொள்ளைப்படை வந்தால் ஐந்துக்கும் கேடு. அதனால் கணவாய் மலைமேல் ஒரு மணி. கோபுரம் ஒரு நாடு கட்டியது. வெண்கலம் இன்னொன்று வார்த்தது. சங்கிலி வேறொன்று, கயிறு மற்றொன்று. மணிக்குள் தொங்கும் இரும்பு நாக்கு கொற்றனின் நாடு கொடுத்தது. காவல் முறைவைத்து மாறும்.

மணி கேட்டால் கொம்பு ஊதிப் பதில் சொல்லிவிட்டு எல்லாப் படைகளும் புறப்பட வேண்டும். ஆபத்து இல்லாமல் அடித்தால், சோதித்துப் பார்க்க அடித்தாலும், அது போர் தொடுத்ததாகும்.

அதனால் அதை யாரும் அடித்ததே இல்லை. போன வாரம் கொள்ளைப்படை வரும் வரை.

"என் மகன் அடித்தான்," என்றார் கொற்றன். "அவன் முறைக் காவல். உடலைப் பார்த்தேன், தாயே. உள்ளங்கையில் தோல் இல்லை. கடைசிவரை கயிற்றை விடவில்லை அவன். நான்கு நாட்டுச் சூரர்களும் தாயம் உருட்டிக்கொண்டிருந்தார்கள்!"

"நான் அன்று முழுவதும் இங்கேதான் இருந்தேன். இதே மலையடியில்."

"தெரியும்."

"எனக்கும் கேட்கவில்லை."

கொற்றன் உட்கார்ந்தார்.

பிறகு இருவரும் மலை ஏறினார்கள்.

கயிற்றில் ரத்தம் காய்ந்திருந்தது. அவர் அதைத் தொடவில்லை. ஏணியில் ஏறி, மணிக்குள் கைவிட்டார். கையில் துணி தட்டுப்பட்டது.

நாக்கைச் சுற்றி இறுக்கிக் கட்டிய துணி. பச்சை. தெற்கு நாட்டின் நிறம்.

அதை உருவினார். உள்ளே சிவப்பு. அதற்குள் மஞ்சள். அதற்குள் வெள்ளை.

"நான்கு பேரும்!" அவர் குரல் கோபுரத்தில் மோதித் திரும்பியது. "பாருங்கள், நான்கு பேரும்! எதற்காக?"

"அடுத்தவன் பொய்யாக அடித்து என் படையை மலைக்கு இழுத்துவிட்டால்? என் வீட்டுக்குக் காவல் யார்? இந்தப் பயம்தான்," என்றாள் சாந்தை. "ஒவ்வொருவரும் தன் முறை வந்தபோது கட்டியிருக்கிறார்கள். உள்ளே ஏற்கெனவே துணி இருந்ததைப் பார்த்தும்."

"எங்கள் நீலம் இதில் இல்லை. அதையும் பாருங்கள்."

"பார்த்தேன். துணிதான் போய்விட்டதே. அடியுங்கள்."

அவர் நாக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து விட்டார்.

டொக்.

மீண்டும் விட்டார். கதவைத் தட்டுவது போல, டொக்.

கையை விரித்தார். உள்ளங்கை முழுவதும் கறுப்புச் சாயம். சாயம் போன இடத்தில் மரம் தெரிந்தது.

"நாக்குக்கு இரும்பு ஒதுக்கியது நான்," என்றார். "நானே எடைபோட்டு அரண்மனைக்கு அனுப்பினேன்."

"அந்த ஆண்டு உங்கள் அரசர் வேறு ஏதாவது செய்தாரா?"

"என்ன செய்தார்... சேனாபதிக்குப் பரிசாக ஓர் இரும்பு வாள்..."

கை தானாக இடுப்புக்குப் போயிற்று.

வாளை உருவினார். சாந்தை தடுக்கவில்லை. முழுப் பலத்தோடு மணியில் ஓங்கி அடித்தார்.

கோபுரம் நடுங்கியது. கணவாய்ப் பறவைகள் மொத்தமாக எழுந்தன. ஓசை மலையிலிருந்து மலைக்குப் போயிற்று.

அது அடங்குவதற்குள் தெற்கே ஒரு கொம்பு.

பிறகு மேற்கே. பிறகு கிழக்கே இரண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக.

"கேட்டதும் வருகிறார்கள்," என்றாள் சாந்தை.

கொற்றன் சாயம் படிந்த தன் உள்ளங்கையைப் பார்த்தார்.