இடப்பக்கம் நீளும் பேனா

“இந்தக் கையைச் சரிபண்ணிக் கொடுங்க சாமி” என்று அபயாம்பாள் தன் வலது கையை நீட்டினாள்.

பூங்காவனம் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரலில் ஒரு வைர மோதிரம் இருந்தது. வேறு கோளாறு எதுவும் தெரியவில்லை.

“வலிக்குதாக்கா?”

“இல்ல.”

“நடுங்குதா?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல. கையெழுத்துப் போட மாட்டேங்குது.”

பூங்காவனம் மலையடிவாரத்தில் கொட்டகை போட்டுக்கொண்டு தனியாக இருப்பவள். வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றுவாள். ஏதாவது கேட்டால் பதில் சொல்வாள், சில சமயம் சொல்லவும் மாட்டாள். அதற்கே சுற்றுவட்டாரத்தில் அவளைச் சாமி என்றார்கள். வயதைப் பார்த்தால் அபயாம்பாளுக்கு மகளாக இருக்கலாம். கலெக்டரே வந்தாலும் அவளுக்கு அண்ணன்தான், இல்லாவிட்டால் அக்காதான்.

அபயாம்பாளை யாரும் அக்கா என்று கூப்பிட்டு அஞ்சாறு வருஷம் ஆகியிருந்தது. ஊர் உலகத்துக்கெல்லாம் அவள் ‘அம்மா’. ‘அக்கா’ என்றதும் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

அவளைத் தெரியாதவர்கள் குறைவு. அவள் பாடுகிறாள் என்றால் தெரு வரைக்கும் நாற்காலி போடுவார்கள். கச்சேரி முடிந்ததும் ஆட்டோகிராப் கேட்டு ஒரு கூட்டம் மேடைக்கு ஓடிவரும். அவள் கும்பிடுவாள், செல்ஃபிக்கு நிற்பாள், குழந்தையைக் கொடுத்தால் வாங்கிக் கொஞ்சுவாள். பேனாவை நீட்டினால் மட்டும் முகம் மாறிவிடும். பின்வாசல் வழியாகக் காருக்குப் போய்விடுவாள்.

தலைக்கனம் என்றார்கள். நாலு எழுத்து எழுதினால் விரல் தேய்ந்துவிடுமா என்று ஒரு பத்திரிகை கேட்டது. அவளிடம் கேட்கவில்லை, வாசகர்களிடம் கேட்டது.

“ஏன் போட மாட்டேங்குது?” என்றாள் பூங்காவனம்.

“முன்னல்லாம் நாங்க ரெண்டு பேரு. மணல்மேடு சகோதரிகள்னு சொல்லுவாங்க. நானும் என் தங்கச்சி அஞ்சுகமும். மேடையில எனக்கு இடப்பக்கம் அவ உக்காருவா. நான் பாதியில விட்டா அவ எடுப்பா. அவ மூச்சு வாங்கினா நான் எடுப்பேன். ஒருத்தரை ஒருத்தர் திரும்பிப் பார்த்துக்கறதெல்லாம் கிடையாது.”

“ம்.”

“கையெழுத்தும் அப்படித்தான். ஒரே பேனா. நான் என் பேரை எழுதிட்டு அப்படியே இடப்பக்கம் நீட்டுவேன். அவ வாங்கி, என் பேருக்குக் கீழ அவ பேரை எழுதுவா. எங்க அப்பா பழக்கிவிட்டது. தனித்தனியா ஒருநாளும் போட்டதில்ல.”

“சரி.”

“அப்புறம் நான் தனியாப் பாட ஆரம்பிச்சேன். மதுரையில முதல் கச்சேரி. ஒரு காலேஜ் பொண்ணு வந்து கேட்டா. ஆசையாத்தான் போட்டேன். போட்டுட்டு…”

அபயாம்பாள் மோதிரத்தைத் திருகினாள்.

“போட்டுட்டு, பேனாவை இடப்பக்கம் நீட்டிட்டேன் சாமி.”

“அங்க யாரு இருந்தா?”

“சபா காரியதரிசி. நான் ஏதோ அவருக்குப் பரிசு குடுக்கறேன்னு நெனச்சு, வாங்கிச் சட்டைப்பையில செருகிக்கிட்டார். அது அந்தப் பொண்ணோட பேனா.”

பூங்காவனம் சிரித்துவிட்டாள். அபயாம்பாள் சிரிக்கவில்லை.

“அடுத்த ஊர்ல பக்கத்துல ஆளே இல்ல. அப்பவும் நீட்டினேன். யாரோ வாங்கப் போறாப்பல கை அப்படியே நிக்குது. எல்லாரும் பார்க்கறாங்க. பாட்டுலகூடச் சமாளிச்சுட்டேன். அவ எடுக்கற இடத்துல வயலின்காரர் வாசிச்சுடறார். இதுக்கு என்ன பண்றது? அதோட கையெழுத்துப் போடறதை விட்டுட்டேன்.”

“தங்கச்சி இப்ப இல்லீங்களா?”

“சேச்சே” என்று பதறிப்போனாள் அபயாம்பாள். “நல்லா இருக்கா. பாபநாசத்துல மகன் வீட்டுல இருக்கா.”

“பின்ன என்ன?”

பூங்காவனம் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“பாடறப்ப மேல போனா அவளுக்குக் குரல் உடைய ஆரம்பிச்சுது. முன்வரிசையில மூஞ்சியைச் சுளிச்சாங்க. எனக்குப் பொறுக்கல. அவளை நெனச்சா, என்னை நெனச்சான்னு இப்பவும் தெரியல. இந்த வருஷம் நான் மட்டும் பாடறேன்னு சபாவுல சொல்லிட்டேன். அவகிட்ட இன்னிக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அழைப்பிதழ் அச்சாகி வீட்டுக்கே வந்துடுச்சு. அதைப் பிரிச்சது அவதான்.”

“சண்டை போட்டாங்களா?”

“போட்டிருந்தா தேவலையே. அப்ப என் தம்புராவுக்கு உறை தைச்சுக்கிட்டு இருந்தா. உக்காந்து தைச்சு முடிச்சுட்டு, அதை மாட்டியும் வெச்சுட்டு, பையைத் தூக்கிட்டுப் போனா.”

தங்கையை நினைக்காத நாள் அபயாம்பாளுக்கு இல்லை. விடிகாலையில் பாடிப் பழக உட்கார்ந்தால்கூட, இடப்பக்கம் ஒரு ஆளுக்கு இடம் விட்டுத்தான் பாயில் உட்காருவாள். கைதட்டல் எழும்போதெல்லாம் அவளுக்கு அஞ்சுகம் வேண்டும் என்றிருக்கும். அந்த ஏக்கத்தை எந்தப் பேட்டியிலும் அவள் சொன்னதில்லை.

பூங்காவனம் காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்துக்கொண்டு வந்தாள். ஒரு பேனாவும் கொண்டுவந்தாள்.

“எனக்கு ஒரு கையெழுத்துப் போடுங்க.”

“இப்பத்தானே சாமி அவ்வளவும் சொன்னேன்.”

“சொன்னீங்க. நான் பார்க்கல.”

சொல்லிவிட்டு அபயாம்பாளுக்கு இடப்பக்கமாக வந்து நெருங்கி உட்கார்ந்தாள்.

அபயாம்பாளுக்குப் புரிந்துவிட்டது. இதுதான் வைத்தியம் போலிருக்கிறது. இவள் வாங்கிக்கொள்ளப் போகிறாள். ஒரு தடவை யாராவது முறையாக வாங்கிக்கொண்டால் கைக்கு ஆறிவிடும். மனசு லேசாகி, தாளை மடியில் வைத்துத் தன் பேரை எழுதினாள்.

கை தானாக இடப்பக்கம் நீண்டது.

பூங்காவனம் வாங்கவில்லை.

வாசலில் ஒரு ஆடு நின்றிருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. தோள்பட்டை கடுக்க ஆரம்பித்தது. ஆடுகூடப் போய்விட்டது.

“வாங்கிக்கக் கூடாதா சாமி?”

“எனக்கா நீட்டினீங்க?”

அபயாம்பாள் கையை மடக்கிக்கொண்டாள். பேனா தரையில் உருண்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ரொம்ப நேரம் அழுதாள். பூங்காவனம் தேற்றவில்லை.

“அஞ்சுகத்துக்கு” என்றாள் கடைசியில்.

“உங்க கை இப்படி நீளுதுன்னு அவங்களுக்குத் தெரியுமா?”

“எப்படித் தெரியும்? ஊரே என்னைத் தலைக்கனம் பிடிச்சவள்னு பேசுது. அவளும் அதைத்தான் கேட்டிருப்பா. அக்கா என்னை மறந்துட்டு நிம்மதியாப் பாடறான்னு நெனச்சிருப்பா. இதை முதல்முதலா உங்ககிட்டத்தான் சொல்றேன்.”

“ஆள் மாத்திச் சொல்லிட்டீங்கக்கா.”

பூங்காவனம் எழுந்து அடுப்புப் பக்கம் போனாள். கஞ்சி கொதித்திருந்தது. துணியைப் பிடித்துப் பானையை இறக்கினாள்.

அபயாம்பாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள்.

“போய் நீட்டறேன்னே வெச்சுக்கங்க. அவ வாங்கலைன்னா?”

பூங்காவனம் திரும்பிப் பார்த்தாள்.

“இத்தனை வருஷமா வெறுங்காத்துகிட்ட நீட்டினீங்களே, அது மட்டும் வாங்கிச்சா?”

அபயாம்பாள் எழுந்து செருப்பைத் தேடினாள்.