ஒரு சீட்டுக்கு வைத்த பாட்டு

“வண்டிக்குள்ள ஒரே அமைதியா இருக்குது அம்மிணி. அதப் போக்கறதுக்கு எத்தன வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர் போடோணும்?”

சென்னியப்பன் இப்படித்தான் ஆரம்பித்தார். சுகந்தி ஒயரின் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

ஈரோட்டில் கார்களுக்கு ஸ்பீக்கர் பூட்டித் தருகிற கடைகள் ஒரு தெரு நிறைய இருந்தன. அவற்றில் சுகந்தியின் கடைதான் சின்னது. வெளிச்சம் குறைச்சல், பேச்சு அதைவிடக் குறைச்சல். அவளுக்கு வயது முப்பத்தைந்தைத் தாண்டாது. ஆனாலும் பாட்டில் ஏதோ இடறுகிறது, என்னவென்று தெரியவில்லை என்று வருகிறவர்கள், ஐந்து கடை ஏறி இறங்கிவிட்டுக் கடைசியில் அவளிடம்தான் வந்து நின்றார்கள்.

சென்னியப்பனுக்கு ஐம்பத்தெட்டு. வாழ்க்கையில் முதல் கார், வாங்கி நாற்பது நாள். விதைக் கம்பெனி வேலையாக ஊர் ஊராகச் சுற்றுகிற மனுஷர். பஸ்ஸில் போன காலத்தில் பக்கத்தில் இருப்பவன் தோளில் தூங்கி விழுவான், இவர் திட்டிக்கொண்டே வருவார். காரில் அந்தத் தொந்தரவு இல்லை. திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை.

சட்டைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார்.

“வண்டி வாங்கறதுக்கு முந்தியிருந்தே, மூணு மாசமாப் படிச்சு எழுதி வெச்சிருக்கறேன். ஆம்ப் நாலு சேனல் போதுமா, அஞ்சு வேணுமா? ட்வீட்டர் பட்டுத்துணி வெச்சதா, அலுமினியம் வெச்சதா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.”

நோட்டை அவள் வாங்கவில்லை.

“வண்டில ஏறுங்கண்ணா.”

“எந்தப் பக்கம்?”

“நீங்க எப்பவும் உக்கார்ற பக்கம்.”

ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தார். முன் கண்ணாடியின் இரு ஓரத்திலும் ஒவ்வொன்றாக, நெல்லிக்காய் அளவுச் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் இரண்டைச் சுகந்தி டேப்பால் ஒட்டினாள். ஒரு ஆம்ப்பைத் தரையில் வைத்து ஒயரை இணைத்தாள். வாத்தியம் எதுவும் இல்லாமல் ஒரு பெண் தனியாகப் பாடுகிற பாட்டைப் போட்டாள்.

“கண்ண மூடிக்கோங்க. பாடறவங்க எங்க நிக்கறாங்க?”

“என்ற சோத்துக்கைப் பக்கம். கதவுக்குள்ள நிக்கறா.”

அவள் போனில் எதையோ கொஞ்சம் நகர்த்தினாள்.

“இப்ப?”

சென்னியப்பன் கண்ணைத் திறக்காமலே முன்னால் சாய்ந்தார்.

பாடுகிறவள் கதவை விட்டு வெளியே வந்து, நேர் எதிரே நின்றாள். வரிக்கு வரி அவள் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. பதினாலு மாதமாக அவர் வீட்டில் இன்னொருத்தர் மூச்சு விட்டுக் கேட்டதில்லை.

“என்ன பண்ணுன அம்மிணி?”

“கிட்டக்க இருக்கற ட்வீட்டரக் கொஞ்சம் காக்க வெச்சனுங்க. எட்டத்துல இருக்கறதோட சத்தம் வந்து சேர்ற வரைக்கும்.”

“இதேதான் எனக்கு வேணும். இப்படியே பூட்டிரு.”

“ஒருக்கா அந்தப் பக்கம் போயி உக்காருங்க.”

இடது பக்க சீட்டில் ஷோரூமில் போட்ட பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. அவர் உட்கார்ந்ததும் நொறுநொறுவென்று சத்தம் போட்டது. அந்தப் பக்கம் அவர் உட்காருவது அதுதான் முதல் தடவை.

அதே பாட்டு. பாடுகிறவள் ஜன்னலோரம் ஒட்டிக்கொண்டு அவர் காதுக்குள் கத்தினாள். எதிரே யாரையும் காணோம்.

“இதென்ன, இந்தப் பக்கம் இத்தன கொடுமையா இருக்குது?”

“அந்த சீட்டுக்கு வெச்சதுங்கண்ணா. அங்க சரியாச்சுன்னா இங்க கெட்டுப்போகும்.”

“கெட்டா கெடட்டும். இங்க யாரு உக்காரப் போறா?”

“வீட்ல?”

“தாராபுரத்துல, அவ தம்பி வீட்ல இருக்கறா. போயிப் பதினாலு மாசமாச்சு.”

“சண்டைங்களா?”

“ஒரு சண்டையும் இல்ல. டிவி சத்தம் பன்னெண்டுல இருக்கோணும், ஃபேன் ரெண்டுல ஓடோணும். அதுதான எனக்குச் சரியா இருக்குது? அத்தன வருஷமும் நான் சொன்னது அவ்வளவுதான்.”

ஆம்ப்பைப் பற்றி மூன்று மாதம் படித்த மனுஷர், மனைவி சரோஜா ஏன் போனாள் என்று மூன்று நிமிஷம் யோசித்திருப்பாரா என்பது சந்தேகம்தான்.

சுகந்தி டிரில்லை எடுத்து பிளக்கில் சொருகினாள்.

“அப்பச் சரிங்கண்ணா. ஓட்ட போட்டு மாட்டிர்றேன். அப்புறம் ட்வீட்டர நகத்த முடியாது.”

“போடு.”

டிரில் உறுமியது. பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சென்னியப்பன் தன் சீட்டுக்குப் போக எழுந்தார், பிறகு என்ன நினைத்தாரோ, திரும்ப உட்கார்ந்துகொண்டார். அந்தப் பிளாஸ்டிக் உறைமேல், அந்தக் கத்தலுக்குப் பக்கத்தில், பாட்டு முடிகிற வரைக்கும் அசையவில்லை.

“நில்லு அம்மிணி.”

டிரில் நின்றது.

“ரெண்டு சீட்டுக்கும் நல்லாக் கேக்கறாப்பல வெக்க முடியாதா?”

“வெக்கலாமுங்க. ஆனா எதுத்தாப்பல வந்து நின்னு பாடுனாங்களே, அது உங்களுக்குக் கொஞ்சம் குறையும்.”

“எவ்வளவு குறையும்?”

“அந்த சீட்டுக்காரங்க வந்து உக்காந்தாத்தான் தெரியுமுங்க.”

அவர் கீழே குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கப் பயமாக இருந்தது. ஆனாலும் கேட்டார்.

“அவ வரலைன்னா?”

சுகந்தி டிரில்லைக் கீழே வைத்துவிட்டு, ட்வீட்டர்களின் டேப்பைப் பிரிக்கத் தொடங்கினாள்.

“ஒரு சீட்டுக்கு எப்ப வேணும்னாலும் வெச்சுக்கலாமுங்கண்ணா.”