கண்ணுக்குத் தெரியாத கனம்

"சார், கண்ணால பார்க்காத ஒண்ணை இருக்குன்னு நான் எப்படிச் சொல்றது?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் ஆவுடையம்மாள்.

இன்னாசி மலைமேல் இருக்கும் வானாய்வு நிலையத்தில் பேராசிரியர். வயது முப்பத்தெட்டு. ஆவுடையம்மாளுக்கு ஐம்பத்தாறு. பள்ளிக்கூட வேலையை உதறிவிட்டு, மூட்டுவலியோடு இன்னாசியிடம் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தவர். இன்னாசிக்கு ஒன்பதாம் வகுப்பில் அறிவியல் நடத்தியதும் அவரேதான். அதனால் சீடர் குருவை 'சார்' என்பார், குரு சீடரை 'டீச்சர்' என்பார். இருவருக்கும் அது பழகிப்போயிருந்தது.

ஒரு விண்மீன் எதையோ சுற்றிவருகிறது. அந்த எதுவோ துளி வெளிச்சம்கூடத் தருவதில்லை. அது கருந்துளை என்பதுதான் டீச்சரின் ஆய்வேடு. ஏழு வருஷ உழைப்பு. அன்று மதியம் இரண்டு மணிக்கு வாய்மொழித் தேர்வு. வெளியூர்த் தேர்வாளர் ஒரே ஒரு கேள்வியை முன்கூட்டியே எழுதி அனுப்பியிருந்தார். கருந்துளைதான் என்பதற்கு என்ன சான்று?

"ஆய்வேட்டைத் திரும்ப வாங்கிக்கிறேன் சார். இத்தனை பேர் முன்னால திருதிருன்னு முழிக்க என்னால ஆகாது."

இன்னாசி முற்றத்துக்கு நடந்தார். பின்னாலேயே போனார் டீச்சர்.

"கையைக் கொடுங்க டீச்சர். தட்டாமாலை சுத்தலாம்."

"விளையாடுறீங்களா?"

"ஆமா."

தோட்டக்காரர் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். இருவரும் கைகோத்துப் பின்னால் சாய்ந்து சுற்றினார்கள்.

"இப்ப கண்ணை மூடுங்க. எதிர்ல ஆள் இருக்கா?"

"இல்லாமலா? கையை விட்டா நான் ரோஜாச்செடியில போய் விழுவேன்."

"என்ன எடை இருப்பேன்?"

"எண்பது... எண்பத்தஞ்சு?"

"எண்பத்திரண்டு."

டீச்சர் மூச்சு வாங்க நின்றார். ஒரு நொடி முகம் தெளிந்தது, மறுநொடியே சுருங்கியது.

"எதிர்ல கனமா ஒண்ணு இருக்குன்னுதான் இது காட்டும். அது கருந்துளைன்னு எங்கே காட்டுது?"

இன்னாசிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒன்பதாம் வகுப்பில் அவரை மடக்கிய அதே குரல்.

"சரி. வேற என்னவா இருக்கலாம்? மங்கலான விண்மீன்?"

"ஒன்பது சூரியன் கனம் சார். அவ்வளவு கனத்துக்கு வெளிச்சம் தெரிஞ்சே ஆகணும். தேடினேன், இல்லை."

"நியூட்ரான் விண்மீன்?"

"மூணு சூரியனுக்கு மேல தாங்காது, நொறுங்கிரும்."

"ரெண்டு மூணு ஒண்ணா ஒட்டிக்கிட்டு?"

"அப்படின்னா சுத்துற விண்மீனோட ஆட்டமே மாறும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒத்துவரலை."

"நம்ம கருவியில கோளாறு?"

"வேற ரெண்டு தொலைநோக்கியில பார்க்கச் சொன்னேன். அதே விடை."

"இதெல்லாம் ஆய்வேட்டுல எந்தப் பக்கம்?"

டீச்சர் தலை குனிந்தார்.

"சேர்க்கலை சார். அது கருந்துளை இல்லைன்னு காட்டிரணும்னு நாலு வருஷம் மல்லுக்கட்டினேன். பதினோரு வழி. ஒண்ணுகூட உருப்படலை. தோத்ததை எல்லாம் எழுதி வைக்க வெட்கமா இருந்துச்சு. ஒரு நோட்டுல கிடக்கு."

இன்னாசி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தோட்டக்காரர் மறுபடி தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார்.

"அட!" என்றார் டீச்சர். அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு வந்தது, கூடவே கண்ணீரும் வந்தது. ஒரு வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கி, பசி எடுத்தது. இரண்டு இட்லி கூடுதலாகவே சாப்பிட்டார்.

இரண்டு மணிக்குத் தேர்வாளர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அதே கேள்வியைக் கேட்டார்.

டீச்சர் ஓரம் கிழிந்த நோட்டு ஒன்றை மேஜைமேல் வைத்தார்.

"இது கருந்துளை இல்லைன்னு காட்ட நான் பதினோரு வழியில முயற்சி பண்ணினேன் ஐயா. முடியலை. பன்னிரண்டாவதை நீங்க சொல்லுங்க."