சபைக்குப் போகாத மரங்கொத்தி

ஒரு காட்டில் மரம் பார்க்கும் வேலை ஒரு மரங்கொத்தியிடம் இருந்தது. செங்கொண்டை என்று பெயர். விடிந்ததும் கிளம்பிவிடும். ஒவ்வொரு மரமாக அலகால் தட்டித் தலையைச் சாய்த்துக் கேட்கும். 'டொக் டொக்' என்று கெட்டியாகக் கேட்டால் நல்ல மரம். 'டொம்' என்று கேட்டால் உள்ளே கரையான் குடைந்துவிட்டது என்று அர்த்தம். அந்த மரத்தடியில் யாரும் படுக்கக் கூடாது.

இந்த வேலைக்காகச் சிங்கராஜா அதற்கு ஓடைக்கரை மருத மரத்தில் ஒரு பொந்து கொடுத்திருந்தது. வேலை இருக்கும்வரைதான் பொந்து. வேலை போனால் பொந்தும் போய்விடும். செங்கொண்டையும் அதன் மனைவியும் அதற்குள்தான் குடியிருந்தார்கள்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு, குழந்தைகளே. தினமும் காலையில் சிங்கராஜா பெரிய வாகை மரத்தடியில் சபை கூட்டும். வேலை பார்க்கிற ஒவ்வொருவரும் முன்னால் வந்து நின்று, நேற்று என்ன செய்தோம் என்று சொல்ல வேண்டும். வர முடியாதவருக்காக வேறொருவர் சொல்லலாம். ஆனால் ராஜாவுக்கு மறதி அதிகம். சொன்னவர் முகம் மட்டும்தான் அதற்கு நினைவிருக்கும். யாருக்காகச் சொன்னார் என்பதைச் சபை கலைவதற்குள் மறந்துவிடும்.

செங்கொண்டைக்குச் சபை என்றாலே வேப்பங்காய். நாலு பேர் முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். 'செய்த வேலையைச் செய்தேன் என்று வேறு சொல்ல வேண்டுமா?' என்று அலுத்துக்கொள்ளும்.

இதைப் பார்த்துக்கொண்டே இருந்தது ஒரு புனுகுப்பூனை. எங்கே பழம் பழுத்திருக்கிறது என்று பார்த்துச் சொல்வது அதன் வேலை. பார்ப்பது குறைவு, சொல்வது அதிகம். உடம்பெல்லாம் வாசனை, வாயெல்லாம் சர்க்கரை.

"அண்ணே, நீங்க எதுக்கு அங்க வந்து கால் கடுக்க நிக்கணும்? என்ன செஞ்சீங்கன்னு என்கிட்ட சொல்லுங்க. ராஜாகிட்ட நான் சொல்லிடறேன்" என்றது அது ஒரு நாள்.

"உனக்கு எதுக்குப்பா சிரமம்?"

"இதுல என்ன சிரமம்? எப்படியும் தினம் போறேன். நீங்க அந்த நேரத்துல இன்னும் ரெண்டு மரம் பார்க்கலாம்ல?"

செங்கொண்டைக்குப் பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது. அன்று முதல் அது சபைப் பக்கம் போகவே இல்லை. ஒவ்வொரு மாலையும் பார்த்த மரங்களைப் புனுகுப்பூனையிடம் ஒப்பித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியது.

மனைவிக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. "ஏங்க, உங்க வேலையை நீங்க போய்ச் சொன்னா என்ன? வாயை வாடகைக்கா விட்டிருக்கீங்க?" என்று கேட்டது.

"அவன் நல்லவன். உனக்கு எல்லார் மேலயும் சந்தேகம்" என்றது செங்கொண்டை.

கோடை வந்தபோது மனைவி பொந்துக்குள் மூன்று முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் நல்ல வெயில். புனுகுப்பூனை ஓர் அத்திப்பழத்தோடு வந்து உட்கார்ந்தது. "இவ்வளவு உழைக்கிறீங்க. ராஜா உங்களைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலையே அண்ணே. எனக்கே வயிறு எரியுது" என்றது.

களைப்பில் இருந்த செங்கொண்டை வாயை விட்டுவிட்டது. "அவருக்கு மரத்தைப் பத்தி என்ன தெரியும்? நிழல் இருந்தா போதும், படுத்துடுவார்."

புனுகுப்பூனை சிரித்தது. பழத்தைக் கொடுத்துவிட்டுப் போனது.

சில நாள் கழித்துச் செங்கொண்டை வாகை மரத்தையே தட்டிப் பார்த்தது. 'டொம்' என்றது. மேலே தட்டியது, கீழே தட்டியது, சந்தேகம் தீர நான்கு இடத்தில் துளை போட்டும் பார்த்தது. உள்ளே ஒன்றுமே இல்லை. வெறும் பட்டைதான் நின்றது.

"ராஜா உடனே இடத்தை மாத்தணும். அடுத்த பெருங்காத்துக்கு இது தாங்காது. நாளைக்கே சொல்லிடு" என்று புனுகுப்பூனையிடம் சொன்னது.

புனுகுப்பூனை தலையாட்டியது. ஆனால், ராஜாவுக்கு அந்த இடம் உயிர். அதன் அப்பா உட்கார்ந்த இடம். கசப்பான செய்தியைச் சொல்லி யார் முகச்சுளிப்பு வாங்குவது? சொல்லாமலே விட்டுவிட்டது.

மூன்று நாள் ஆனது. ராஜா அங்கேயேதான் படுத்திருந்தது. மேற்கே கருமேகம் திரண்டது. செங்கொண்டைக்கு மனம் பொறுக்கவில்லை. பல மாதம் கழித்து முதல் முறையாகச் சபைக்குப் பறந்து வந்தது.

"ராஜா, இந்த மரம் விழப்போகுது. தயவு செஞ்சு எழுந்து வாங்க!"

சிங்கராஜா அதை ஏற இறங்கப் பார்த்தது. "நீ யார்?"

"நான்தான் ராஜா... மரம் பார்க்கிற மரங்கொத்தி."

"மரம் பார்ப்பது புனுகுப்பூனை அல்லவா? தினமும் அதுதானே வந்து சொல்கிறது?"

சபையில் இருந்த எல்லா மிருகங்களும் ஆமாம் என்று தலையாட்டின. அவை பார்த்தது அதைத்தான்.

புனுகுப்பூனை மெதுவாக முன்னால் வந்தது. "பாவம் ராஜா, இது புழுவுக்காக மரத்தைக் கொத்துற பறவை. உங்க மேல கொஞ்சம் வருத்தம். நிழல் கிடைச்சா போதும், படுத்துடுவீங்கன்னு ஒரு நாள் சொல்லிச்சு. நான் பெரிசா எடுத்துக்கல. மரத்துல அந்த ஓட்டைங்களை யாரு போட்டதுன்னு கேளுங்க."

"நீ அப்படிச் சொன்னாயா?"

"சொன்னேன், ஆனா..."

"இந்த ஓட்டைகளைப் போட்டது யார்?"

"நான்தான். ஆனா அது..."

அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் இருந்ததைக் கேட்க ராஜாவுக்குப் பொறுமை இல்லை. "என் மரத்தை ஓட்டையாக்கிவிட்டு, ஓட்டை மரம் என்று என்னிடமே சொல்கிறாயா? பொழுது சாய்வதற்குள் பொந்தைக் காலி செய். இந்தக் காட்டில் உன்னைப் பார்க்கக் கூடாது!"

முட்டைகளை எப்படித் தூக்கிக்கொண்டு போவது? அலகில் கவ்வினால் உடையும். மனைவி பொந்தைவிட்டு அசைய மறுத்தது. ராஜா காவலுக்கு அனுப்பிய கழுகு இறக்கையை விரித்த பிறகுதான் வெளியே வந்தது. கணவனை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் செங்கொண்டைக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் பிற்பகல் பெருங்காற்று அடித்தது. வாகை மரம் அடியோடு முறிந்து சிங்கராஜாவின் பின்னங்கால் மேல் விழுந்தது. யானைகள் வந்துதான் மரத்தைப் புரட்டின. கால் நசுங்கிப் போயிருந்தது.

வலியில் முனகியபடி ராஜா புனுகுப்பூனையைக் கூப்பிட்டது. "மரம் பார்ப்பவனே, நான் இனி எந்த மரத்தடியில் படுப்பது? தட்டிப் பார்த்துச் சொல்."

புனுகுப்பூனை ஒரு தேக்கைப் பாதத்தால் தட்டியது. பிறகு ஒரு வேங்கையைத் தட்டியது. அதன் காதுக்கு எல்லா மரமும் ஒன்று போலவே கேட்டது. மூன்றாவது மரத்தை இரண்டு முறை தட்டியது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது நான்காவது மரத்துக்குப் போவது போலப் போய், அப்படியே புதருக்குள் நழுவி மறைந்தது.

உண்மை புரிந்த ராஜா கழுகை அனுப்பிச் செங்கொண்டையைத் தேடிக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. திரும்பி வந்ததும் கணவனும் மனைவியும் நேரே பொந்துக்குத்தான் போனார்கள். முட்டைகள் மூன்றும் அங்கேயே இருந்தன. சில்லென்று இருந்தன.

"இத்தனை நாள் உழைத்தது நீதானா?" என்று கேட்டது ராஜா.

"நான்தான் ராஜா."

"இத்தனை மாதத்தில் ஒரு நாளாவது என் முன்னால் வந்து சொல்லியிருந்தால், அன்றைக்கு உன்னை நம்பியிருப்பேனே! எனக்குக் காது இல்லையா? ஏன் அதனிடம் சொன்னாய்?"

மறுநாள் விடிந்ததும் செங்கொண்டை சபைக்கு வந்து நின்றது.

இப்போதெல்லாம் சபைக்கு முதலில் வருவது அதுதான். நாக்கு ஒட்டிக்கொள்ளும், குரல் கம்மும். ஆனாலும் பார்த்த மரம் ஒவ்வொன்றையும் சொல்லும். சில நாள் கேட்டுக்கொண்டே ராஜா கொட்டாவி விடும். செங்கொண்டை நிறுத்தாது. முழுவதையும் சொல்லி முடித்துவிட்டு, மனைவி மட்டும் உட்கார்ந்திருக்கும் பொந்துக்குத் திரும்பிப் போகும்.

நீதி: உன் வேலையை உன் வாயால் சொல், உன் மனக்குறையை இனிக்கப் பேசுகிறவர் காதில் போடாதே.