கீழ்ப்பெட்டியின் சத்தம்

குற்றாலத்தில் எங்கள் லாட்ஜில் ஒவ்வொரு மாடிக்கும் ஒரு வைஃபை பெட்டி உண்டு. ஆனாலும் போனில் பேசிக்கொண்டே யார் மாடி ஏறினாலும் பேச்சு அறுந்துவிடும். போன் பக்கத்துப் பெட்டிக்கு மாறாமல் கீழ்த்தளப் பெட்டியையே பிடித்துத் தொங்கியது. ஏனென்று எங்கள் யாருக்கும் விளங்கவில்லை. முதலாளி தில்லைநாயகம் கீழ்ப்பெட்டியின் பவரை முழுசாக ஏற்றச் சொன்னார். இன்னும் மோசமாகிவிட்டது.

"இன்னைக்குச் சரியாகலைன்னா நாளைக்கு வேலைக்கு வராத" என்று வயர்மேன் சுடலையிடம் கத்தினார்.

"பவரைக் குறைச்சாச் சரியாயிரும், முதலாளி."

"உனக்கென்ன கோட்டியா? சிக்னல் இல்லைங்கேன், நீ குறைக்கணும்ங்கிற!"

சுடலை தலையைச் சொறிந்தார். "சரி, மூணாவது மாடியில டவல் குடுத்தாச்சான்னு கேளுங்க."

முதலாளி குழம்பிப்போய்க் கல்லாவிலிருந்தே முழங்கினார். "ஏ செண்பகம், டவல் குடுத்தாச்சா?"

மேலேயிருந்து ஏதோ முனகல். ஒன்றும் புரியவில்லை. மறுபடியும் முழங்கினார், மறுபடியும் முனகல். கடைசியில் ரூம் வேலை பார்க்கும் செண்பகம் மூச்சிரைக்கக் கீழே ஓடிவந்தாள். "குடுத்தாச்சு குடுத்தாச்சுன்னு கத்துதேனே, முதலாளி!"

"மாடியில உன் பக்கத்துலயே சூப்பர்வைசர் நிக்காருல்லா, அவர்கிட்டச் சொல்ல வேண்டியதுதான?" என்றார் சுடலை.

"முதலாளி சத்தம் காதை அடைக்கையில அவரை எங்கண்ணே கவனிக்க?"

"போனுக்கும் அதே பாடுதான், முதலாளி. கீழ்ப்பெட்டி போடுற சத்தம் மாடி வரைக்கும் கேக்கு. போனு சொல்லுற பதில்தான் கீழ வந்து சேரலை. கீழ்ச்சத்தம் குறைஞ்சாத்தான் போனு பக்கத்துப் பெட்டியைக் கவனிக்கும்."

முதலாளி பெட்டியைப் பார்த்தார், செண்பகத்தைப் பார்த்தார். பிறகு வாய்க்குள்ளேயே, "குறைச்சிரு" என்றார்.

சுடலை காதருகே கையைக் குவித்தார். "கேக்கலையே, முதலாளி!"